ஏழு வருஷச் சுண்ணாம்பு

வா, இப்படித் தள்ளிப் படு. காலை என் மேல போட்டுக்கோ, பரவால்ல. அழுதது போதும் தாரு. உங்கம்மா திட்டினா திட்டிட்டுப் போறா. புதுசா வெள்ளையடிச்ச சுவத்துல இம்மாம் பெரிய யானைய வரைஞ்சா எந்த அம்மாதான் கொஞ்சுவா? யானை நல்லாத்தான் இருக்கு. தும்பிக்கைதான் கொஞ்சம் நீளமாப் போயி சுவிட்சு மேல ஏறிடுச்சு. சரி, சுவத்துல வரைஞ்சு மாட்டிக்கிட்டவங்க கதை ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அத்தை சொல்றேன், கண்ண மூடிக்கிட்டுக் கேளு. நடுநடுவுல "ம்" சொல்லணும். சொல்லலன்னா நான் தூங்கிடுவேன், அப்புறம் முடிவு என்னன்னு உனக்குத் தெரியாமலே போயிடும்.

ஒரு ஊர்ல ஒரு சுண்ணாம்புக் குழி இருந்துச்சாம்.

சிரிக்காத. ராஜா இருந்தாரு, ராணி இருந்தாங்கன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. ராணி வருவாங்க, மெதுவா வருவாங்க. மொதல்ல குழி. ரொம்ப ரொம்பத் தூரத்துல, பனி கொட்டற மலை நாட்டுல, ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு பள்ளத்தாக்கு. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி. அங்க நாப்பது வீடு. அந்த நாப்பது வீட்டுல ஒரு வீட்டுக்காரி பேரு தெசா. அம்பது வயசு, நெட்டையா, ஒல்லியா, மூக்கு மட்டும் நீளமா முன்னாடி போகும், அவ பின்னாடி வருவா. ஒரு புருவம் எப்பவும் மேல தூக்கியே நிக்கும், "அப்படியா, நீ சொன்னா நான் நம்பணுமா"ங்கற மாதிரி. அந்தக் குழி அவளோடது.

ம் சொல்லு. ஆங்.

அந்தக் குழியில என்ன பண்ணுவா? மலையில வெள்ளைக் கல்லு எடுத்து, சூளையில போட்டுச் சுடுவா. சுட்ட கல்லக் குழியில போட்டுத் தண்ணி ஊத்துவா. ஊத்தினதும் புஸ்ஸ்ஸ்னு ஆவி கிளம்பும், கொதகொதகொதன்னு குழியே கொதிக்கும். அப்புறம் அடங்கும். அடங்கினதும் மண்ணப் போட்டு மூடி, விட்டுருவா. எத்தனை நாள்? நாள் இல்ல. ஏழு வருஷம். ஏழு வருஷம் கழிச்சுத் திறந்தா சுண்ணாம்பு கெட்டித் தயிர் மாதிரி இருக்கும், கரண்டியில எடுத்தா வழியாது. அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு எடுத்தா, அது பச்சைச் சுண்ணாம்பு. அது மேல வரைஞ்சா நெறத்தத் தின்னுடும். காலையில வரைஞ்ச சிவப்பு ஒரு வாரத்துல சாம்பலா நிக்கும்.

வரையறது யாரு, எதுக்குன்னு கேக்குறியா? சொல்றேன்.

அந்தப் பள்ளத்தாக்குல ஒரு மடம் கட்டினாங்க. சாமியே கதின்னு வந்த பொம்பளைங்க ஒண்ணாச் சேர்ந்து இருக்கிற மடம். கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு, பாடிக்கிட்டு, அவரைக்கொடி போட்டுக்கிட்டு, தேனீ வளத்துக்கிட்டு. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்கன்னு சொல்லுவாங்க அவங்கள. அவங்க கோயில்ல சிலை கிடையாது. எல்லாமே படம். தரையில இருந்து கூரை வரைக்கும், தூண்ல, வளைவுல, நிமிர்ந்து பாத்தா குவிமாடத்துல, எங்க பாத்தாலும் படம். மாதா, இயேசு, தேவதூதருங்க, கப்பல், மீனு. அந்தக் காலத்துல யாருக்குப் படிக்கத் தெரியும்? அந்தச் சுவருதான் அவங்களுக்குப் புஸ்தகம். ஆட்டுக்காரன்கூட உள்ள வந்து நின்னு கழுத்தச் சாய்ச்சு ஒரு வேதத்தையே படிச்சுட்டுப் போவான்.

மடத்துக்குப் பெரியவங்க தாய் மக்ரீனா. குள்ளமா இருப்பாங்க, நடந்தா சாவிக்கொத்து ஜலக் ஜலக்குன்னு சத்தம் போடும். படம் போட வந்தவரு ஸ்தேவான்னு ஒரு ஓவியரு, கடலோரத்து ஆளு, முப்பது வயசு, எப்பப் பாத்தாலும் மூக்கு நுனியில நீலம் ஒட்டியிருக்கும். கட்டச் சொன்னது அந்த நாட்டு ராணி கலினா.

பாத்தியா, ராணி வந்துட்டாங்க. ஆனா கதைக்குத்தான் வந்தாங்க, ஊருக்கு இன்னும் வரல. தலைநகரம் ஏழு நாள் பயணம். அங்கிருந்தே கட்டுன்னாங்க, இங்க கட்டினாங்க.

இப்போ, அந்த மாதிரிக் கோயில்ல ஒரு வழக்கம் உண்டு தாரு. யாரு கோயிலக் கட்டினாங்களோ, அவங்களையும் சுவத்துல வரையணும். எப்படி? அந்தக் கோயில மாதிரியே குட்டியா ஒரு கோயில் செஞ்சு, பொங்கப் பானைய ஏந்தற மாதிரி ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நிக்கணும். "சாமி, இந்தா, இது நான் கட்டினது"ன்னு குடுக்கற மாதிரி. ராணி என்ன சொல்லி அனுப்பினாங்கன்னா, மாதா திருநாள் அன்னிக்கு வருவேன், வந்து அந்தப் படத்தப் பாப்பேன், பாத்ததும் சாசனத்துல முத்திரை வைப்பேன்னு. என்ன சாசனம்? இந்தப் பள்ளத்தாக்கு மடத்தோடது, இங்க இருக்கற ஒரு குடியையும் யாரும் கிளப்பக் கூடாதுங்கற சாசனம்.

அது இல்லன்னா? மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வேட்டைக்காரப் பிரபு இருந்தான். அவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கு மேல கண்ணு. நாப்பது வீட்டையும் காலி பண்ணிட்டு மான் விடணுமாம், மான விட்டுட்டு அவனே வேட்டையாடணுமாம். அதுக்கு வீட்டுலயே வளக்கலாம்ல ஒரு ஆட்ட? அம்பு விடறதுக்கெல்லாம் அம்பது மைல் காடு கேக்குது. சரி, விடு. அந்த முத்திரை விழுந்தா தெசா வீடு நிக்கும், விழலன்னா நிக்காது. அவ்வளவுதான். அவ புருஷன் அந்த மண்ணுலதான் படுத்திருக்கான். அவ வெட்டின குழி அங்கதான் இருக்கு. அவளுக்குப் போக வேற எடமே கிடையாது.

ம் சொல்லலையே. ஆங், முழிச்சிருக்க.

அப்புறம், சுவத்துல வரையறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பூச்சு ஈரமா இருக்கறப்பவே வரையணும். தெசா காலையில சாரத்துல ஏறி, அன்னிக்கு வரையறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் சப்பு சப்புன்னு பூசுவா. ஸ்தேவான் உடனே வரைவாரு. ஈரச் சுண்ணாம்பு நெறத்தக் குடிச்சுக்கும். குடிச்சிட்டு, காயறப்போ மறுபடியும் கல்லாயிடும். அப்புறம் மழை வரட்டும், புயல் வரட்டும், போகாது. பூச்சு காஞ்சப்புறம் வரைஞ்சா? உதிந்துடும். அதனால ஒரு நாளைக்கு ஒரு துண்டு. ஒரு நாள் ஒரு கை. ஒரு நாள் ஒரு றெக்கை.

ராணி படத்துக்கு எல்லாத்தையும் வரைஞ்சாச்சு. பச்சை அங்கி வரைஞ்சாச்சு, கிரீடம் வரைஞ்சாச்சு, குட்டிக் கோயில் வரைஞ்சாச்சு. கை வரையறப்போ மட்டும் ஸ்தேவான், அக்கா, அந்த வாளியக் கொஞ்சம் ஏந்திக்கிட்டு நில்லுன்னாரு. தெசா நின்னா. பாத்து வரைஞ்சாரு. மிச்சம் இருந்தது முகம் ஒண்ணுதான். ராணிய யாரும் பாத்ததில்லையே. ஒரு சின்னப் பலகையில அவங்க முகத்த வரைஞ்சு குதிரைக்காரன் கொண்டு வர்றான்னு சேதி. அவனுக்காகக் காத்திருந்தாங்க.

குழியில சுண்ணாம்பு எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? ஒரே ஒரு வாளி. குவிமாடம் மொத்தத்தையும் தின்னுடுச்சு. அந்த ஒரு வாளி, ஒரு முகத்துக்குத்தான் வரும். அடுத்த குழி திறக்க இன்னும் ஆறு வருஷம்.

அதனால தாய் மக்ரீனா ஒரு ஏற்பாடு பண்ணாங்க. மடத்து வாசல்ல ஒரு நீளப் பலகை கயித்துல தொங்கும். அதுதான் அவங்களுக்கு மணி. மரச் சுத்தியால தட்டினா, டக்... டக்... டக டக டக டகன்னு மலை பூரா கேக்கும். பிரார்த்தனை நேரத்துல தட்டுவாங்க. நேரம் இல்லாத நேரத்துல தட்டினா குதிரைக்காரன் வந்துட்டான்னு அர்த்தம், ஒடனே பூசு, அவரு வரையட்டும். இதான் ஏற்பாடு.

வாசல் காவல் பாராஸ்கான்னு ஒரு சின்ன வயசுக் கன்னியாஸ்திரி. தேனீயும் அவங்க பொறுப்புதான்.

திருநாளுக்கு அஞ்சு நாள் இருக்கு. தெசா சாரத்துல வாளியோட உக்காந்திருக்கா. வெயில் ஏறுது. அப்போ, டக்... டக்... டக டக டக டகடகடக. வந்துட்டான். தெசா ஒரு செகண்டு யோசிக்கல. சப்புன்னு எடுத்தா, சரக்குன்னு இழுத்தா, வாளிய வழிச்சு நக்காத கொறையா மொத்தத்தையும் பூசி, வழவழன்னு தேச்சு, தம்பி வா வா வான்னா. ஸ்தேவான் ஓடி வந்து தூரிகைய நனைச்சு, படம் எங்கன்னு கைய நீட்டினாரு.

படம் இல்ல. குதிரைக்காரனும் இல்ல.

என்னாச்சுன்னா, தேனீ கூட்டமாக் கிளம்பிடுச்சு. ராணித் தேனீ பறந்துச்சுன்னா கூட்டமே பின்னாடி போகும். டகடகன்னு எதையாவது தட்டினா தேனீ பக்கத்து மரத்துலயே எறங்கிடும்னு அந்த ஊர்ல நம்பிக்கை. பாராஸ்கா கையில கெடச்சத எடுத்துத் தட்டினாங்க. கெடச்சது அந்த வாசல் பலகை. தேனீ சமத்தா ஆப்பிள் மரத்துல எறங்கிடுச்சு. இங்க சாரத்துல ரெண்டு பேரு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கறாங்க.

தெசா எழுந்து போய் எட்டிப் பாத்திருக்கலாம். கீழ ஒரு குரல் குடுத்துக் கேட்டிருக்கலாம். கேக்கல. முப்பது வருஷமா பூசிப் பழகின கை, அது பாட்டுக்குப் பூசிடுச்சு. கடைசிச் சுண்ணாம்பு. கடைசி வாளி.

குதிரைக்காரன் வந்துடுவானான்னு காத்திருந்தாங்க. மத்தியானம் ஆச்சு, வரல. பூச்சு ஓரத்துல வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போனா அவ்வளவுதான், ராணிக்கு முகமே இருக்காது, காலத்துக்கும். ஸ்தேவானுக்கு ஏதாவது ஒரு முகம் வேணும், இப்பவே வேணும். கண்ணு முன்னாடி ஒரு முகம் இருந்துச்சு. நீள மூக்கு. தூக்கின புருவம். கண்ணுல தண்ணி நின்னுக்கிட்டு, விழுந்துடாதன்னு தன்னையே மெரட்டிக்கிட்டு இருக்கற முகம். வரைஞ்சாரு. நெத்திய வரைஞ்சாரு, மூக்க வரைஞ்சாரு, அந்தப் புருவத்த ஒரே இழுப்புல வரைஞ்சாரு. வரையறப்போ வேற நெனப்பே இல்ல அவருக்கு. முடிச்சிட்டு ஒரு அடி பின்னால நின்னு பாத்தாரு.

"அக்கா," ன்னாரு. "உன்ன வரைஞ்சிட்டேன்."

பச்சை அங்கியில, தலையில கிரீடத்தோட, கோயில ஏந்திக்கிட்டு சுவத்துல நிக்கறது யாரு? சொல்லு. ஆமா, தெசா.

மறுநாள் குதிரைக்காரன் ஆடி அசைஞ்சு வந்தான். படத்தப் பிரிச்சுப் பாத்தா, ராணிக்கு உருண்டை முகம். புஸுபுஸுன்னு கன்னம். மூக்கு ஒரு கடலை அளவு. தாய் மக்ரீனா அத ஒரு தடவை பாத்தாங்க, சுவத்த ஒரு தடவை பாத்தாங்க, சாவிக்கொத்தோட அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாங்க. ஜலக்.

தெசா உளியக் கொண்டு வந்து, கொத்திடு தம்பின்னா. கொத்தினா ராணி முகத்துல ஓட்டைதான் இருக்கும், அடைக்கச் சுண்ணாம்பு எங்கன்னாரு ஸ்தேவான். அதுவும் சரிதான்.

அப்புறம் மூணு வேலை பண்ணாங்க, கேளு. மொதல்ல, அழிச்சுப் பாக்கலாம்னு பழைய ரொட்டிய எடுத்து நனைச்சு, பன்னெண்டு கன்னியாஸ்திரிகளும் மாத்தி மாத்தித் தேய்ச்சாங்க. சரக் சரக், சரக் சரக். தேய்ச்சதுல தூசிதான் போச்சு. முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. முன்னாடி வாசல்ல இருந்து பாத்தா தெரியும், இப்போ ரோட்டுல இருந்தே தெரிஞ்சுது.

ரெண்டாவது, மேலயே வேற முகம் வரையலாம்னு முட்டை மஞ்சக்கருவுல நெறம் கொழச்சாங்க. உதிராம இருக்கட்டும்னு பாராஸ்கா ரெண்டு கரண்டி தேன ஊத்தினாங்க. செஞ்ச தப்புக்குப் பரிகாரமா இருக்கட்டும்னு நல்ல மனசோடதான் ஊத்தினாங்க. உருண்டை முகம் வந்துச்சு, கடலை மூக்கு வந்துச்சு, எல்லாரும் நிம்மதியாப் போய்ட்டாங்க. காலையில வந்து பாத்தா ராணிக்குக் கறுகறுன்னு மீசை. கிட்டப் போனா மீசை நகருது. எறும்பு. ஊர்ல உள்ள எறும்பெல்லாம் வரிசை கட்டி வந்து தேன நக்கிக்கிட்டு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள முட்டையும் பொலபொலன்னு உதிந்து போச்சு. உள்ள இருந்து தெசா மறுபடியும் எட்டிப் பாத்தா, புருவத்தத் தூக்கிக்கிட்டு.

சிரிக்கறியே, உங்கம்மா எந்திரிச்சு வந்துடுவா. மெல்ல.

மூணாவது யோசனை தெசாவே சொன்னா. படத்த மாத்த முடியாதுல்ல, அப்போ என்ன ஒளிச்சு வைங்க. பக்கத்துல நான் இல்லன்னா இது யாரு முகம்னு யாருக்குத் தெரியும்? ஓவியரு எப்படியோ வரைஞ்சிட்டாருன்னு போயிடும். எங்க ஒளிவன்னு கேட்டாங்க. காலியாத்தான இருக்கு என் குழின்னா. ஒரு ரொட்டியும், கவுத்துப் போட்டு உக்கார ஒரு வாளியும் எடுத்துக்கிட்டு, ஏணி வச்சு எறங்கிட்டா. திருநாள் விடிஞ்சுது. டக்... டக்... டகடகடக. இந்தத் தடவை தேனீ இல்ல, நெசமாவே ராணி.

ராணி கலினா குதிரையில இருந்து எறங்கறதே ஒரு வேடிக்கை. குட்டையா, உருண்டையா, முழங்கால் வலியோட ரெண்டு பேரப் பிடிச்சுக்கிட்டு, அம்மாடின்னு எறங்கினாங்க. நேரா உள்ள போனாங்க. சுத்திச் சுத்திப் பாத்தாங்க. மாதாவப் பாத்தாங்க, மீனப் பாத்தாங்க, கண்ணு கலங்கினாங்க. அப்புறம் அந்தச் சுவத்துக்கு வந்தாங்க. நின்னாங்க. சாவிக்கொத்து தானா ஜலஜலன்னு ஆடுது, தாய் மக்ரீனா அதக் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க.

இது நானான்னு கேட்டாங்க ராணி. ஸ்தேவான், சொர்க்கத்து வெளிச்சத்துல முகம் கொஞ்சம் மாறித் தெரியும் மகாராணின்னாரு.

"சொர்க்கத்துக்குப் போனா என் மூக்கு இவ்வளவு நீளமாவா வளரும்?" னாங்க ராணி.

ராணி கிட்டப் போய் விரலால தொட்டுப் பாத்தாங்க. நெறமெல்லாம் இப்பத்தான் வச்ச மாதிரி இருக்கே, எப்படின்னு கேட்டாங்க. அப்பாடா, பேச்சு மாறிடுச்சுன்னு ஸ்தேவானுக்கு ஒரே சந்தோஷம். அவசரமா ஆரம்பிச்சாரு. அது நான் இல்ல மகாராணி, சுண்ணாம்பு, ஏழு வருஷம் குழியில ஊறின சுண்ணாம்பு, இந்த மாதிரி நான் எந்த நாட்டுலயும் பாத்ததில்லன்னு பொழிஞ்சு தள்ளினாரு. அப்படியா, அந்தக் குழிய எனக்குக் காட்டுன்னாங்க ராணி.

பொழச்சோம்னு நெனச்ச மனுஷன் நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. வேணாம் மகாராணி, சேறு, முழங்கால் வலிக்கும், வெயிலுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எல்லாரும் வேணாம்னு சொன்னா உனக்கு என்ன தோணும்? அதேதான் ராணிக்கும் தோணுச்சு. விறுவிறுன்னு நடந்தாங்க. குழிய எட்டிப் பாத்தாங்க.

கீழ கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்து தெசா ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கா. நிமிர்ந்தா. அந்த மூக்கு. அந்தப் புருவம்.

"என் முகம் இங்க உக்காந்து ரொட்டி தின்னுது," ன்னாங்க ராணி.

ம்? முழிச்சிருக்கியா? இங்கதான் தூங்கக் கூடாது.

தெசா ஏணியில ஏறி வந்தா. ஓடிடலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. ஆனா ஓடினா ஸ்தேவான்தான் மாட்டுவாரு. அதனால நின்னா, ஒரே மூச்சுல சொல்லிட்டா.

"தப்பு என்னோடது மகாராணி. தேனீக்குத் தட்டின பலகைச் சத்தத்தக் கேட்டு, உங்க ஆளு வந்துட்டாருன்னு நெனச்சு நான்தான் பூசிட்டேன். ஈரம் காயறதுக்குள்ள யாரையாவது வரையணும், அந்தத் தம்பி என்ன பண்ணும். என்ன எங்க வேணாலும் அனுப்புங்க. முத்திரைய மட்டும் வைக்காமப் போயிடாதீங்க. நாப்பது வீடு இருக்கு."

ராணி கோவமாத்தான் இருந்தாங்க. இருக்காதா பின்ன? ஏழு நாள் குதிரையில வந்து பாத்தா, அவங்க கிரீடத்த வேற ஒருத்தி போட்டுக்கிட்டு நிக்கறா. கன்னம் ரெண்டும் செவந்து போச்சு. கைய நீட்டுன்னாங்க. வெட்டத்தான் போறாங்கன்னு தெசா கண்ண மூடிக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டினா. சுண்ணாம்பு தின்ன கை. விரலு பூரா வெடிப்பு, நகத்துல வெள்ளை. ராணி தன் கைய அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. பஞ்சு மாதிரி, மோதிரத்தோட. ரெண்டையும் பாத்தாங்க. அப்புறம் சுவத்துல பாத்த கை ஞாபகம் வந்துச்சு போல.

இந்தக் கோயிலுக்கு எத்தனை படின்னு கேட்டாங்க. வாசல்ல ஏழு, குவிமாடத்துச் சாரத்துக்கு நூத்திப் பதினாலு, அதுல நாப்பதாவது படி ஆடும், பாத்து ஏறணும்னா தெசா. கண்ணத் திறக்காமலே சொன்னா.

ராணி நிமிர்ந்து குவிமாடத்தப் பாத்தாங்க.

"எனக்கு இதுல எத்தனை வாசல்னுகூட இன்னிக்குத்தான் தெரியும்," ன்னாங்க. "கோயில ஏந்தியிருக்கறது சரியான கைதான். அந்தக் கிரீடம் அங்கயே இருக்கட்டும்."

சொல்லிட்டுச் சிரிச்சாங்க பாரு. மொதல்ல வாய்க்குள்ள, அப்புறம் தோளு குலுங்க, அப்புறம் முழங்கால் வலி, முழங்கால் வலின்னு சொல்லிக்கிட்டே சிரிச்சாங்க. குழிக்குள்ள இருந்து வாளிய எடுத்து வரச் சொன்னாங்க. அதக் கவுத்துப் போட்டு, அது மேல சாசனத்த விரிச்சு, மெழுகு கேட்டாங்க. பாராஸ்கா ஓடிப் போய்க் கொண்டு வந்த மெழுகு எது தெரியுமா? ஆப்பிள் மரத்துல எறங்குச்சே, அந்தத் தேனீக்களோட மெழுகு. தொப்புன்னு விழுந்துச்சு முத்திரை. தெசா அங்கயே மண்ணுல உக்காந்து ஓன்னு அழுதா. அஞ்சு நாளா விடாம பிடிச்சு வச்சிருந்த அழுகை எல்லாம் அன்னிக்குத்தான் வந்துச்சு. நாப்பது வீட்டுலயும் அன்னிக்கு அடுப்பு அணையவே இல்ல, ஆட்டுக்கறியும் அப்பமுமா திருநாள் களகட்டுச்சு. வேட்டைக்காரப் பிரபு? அவன் அந்தப் பக்கமே மான் தேடிக்கிட்டு இருந்தான், இருக்கட்டும்.

கெளம்பறப்போ ராணி, எனக்கும் அந்தச் சுவத்துல பக்கத்துல ஒரு எடம் வேணுமேன்னாங்க. எடம் இருக்கு, சுண்ணாம்புதான் இல்லன்னா தெசா. பக்கத்து ஊர்ல இருந்து வரவழைக்கிறேன்னாங்க. அதெல்லாம் நெறத்தத் தின்னுடும்னா. பின்ன எப்பன்னாங்க. ஆறு வருஷத்துல ஒரு குழி திறக்கும், ஆனா அது கூரைக்கு வச்சது, உங்களுக்குன்னா புதுசாத்தான் போடணும், ஏழு வருஷம் ஆகும்னா. ராணியாச்சேன்னு ஒரு வாரம்கூடக் குறைக்கல. ராணி மோதிரத்தக் கழட்டி வச்சிட்டு, ஒரு சுட்ட கல்லத் தூக்கி அவங்க கையாலயே காலிக் குழியில போட்டாங்க. தெசா தண்ணி ஊத்தினா. புஸ்ஸ்ஸ்.

ஏழு வருஷம் போச்சு. தலை நரைச்சுப் போயி, ரெண்டு பேரப் பிடிச்சு எறங்கினவங்க இப்போ நாலு பேரப் பிடிச்சு எறங்கினாங்க, ராணி. வந்தவங்க சொன்ன மொதப் பேச்சு, வாளி எங்கன்னு. அரை வாளிச் சுண்ணாம்பத் தூக்கிக்கிட்டு, அம்மாடி, அம்மாடின்னு சாரத்துல ஏறினாங்க. நாப்பதாவது படியிலயா? இல்ல, ஏழாவது படியிலயே வழுக்கி, மூக்குல சுண்ணாம்பு. தெசா பூசினா. ஸ்தேவான் கிரீடத்த வரையத் தூரிகைய எடுத்தாரு.

"ஒரு நாட்டுக்கு ஒரு கிரீடம்தான் தம்பி," ன்னாங்க ராணி. "அது அவகிட்ட இருக்கு. எனக்கு முக்காடு போடு."

பாதி முகம் வரைஞ்சிட்டு இருக்கறப்போ வெளிய டகடகடகன்னு பலகை. மறுபடியும் தேனீ. சாரத்துல ஒருத்தரும் அசையல. ராணிக்கு மட்டும் சிரிப்பு வந்துடுச்சு. ஈரம் காயறதுக்குள்ள முடிக்கணுமே, அதனால அந்தச் சிரிப்பையே, மூக்குல ஒட்டின சுண்ணாம்போட வரைஞ்சிட்டாரு.

அப்புறம் எவ்வளவோ வந்துச்சு தாரு. அந்த ராஜ்யம் போச்சு, வேற ராஜ்யம் வந்துச்சு. மணி அடிக்கக் கூடாதுன்னான் ஒருத்தன். எங்ககிட்ட மணியே இல்லையேன்னு மடத்துக்காரங்க பலகையத் தட்டினாங்க. சிப்பாய்ங்க உள்ள குதிரையக் கட்டினாங்க, அடுப்பு மூட்டினாங்க, சுவரெல்லாம் கரி. அவங்களும் போனாங்க. பாராஸ்காவுக்கு அப்புறம் வந்தவங்க, அவங்களுக்கு அப்புறம் வந்தவங்க, பழைய ரொட்டிய நனைச்சு சரக் சரக்குன்னு தேய்ச்சாங்க. கரிக்குள்ள இருந்து மொதல்ல ஒரு புருவம் வந்துச்சு, அப்புறம் ஒரு சிரிப்பு வந்துச்சு.

இன்னிக்கும் அந்தக் குழி காலியா இல்ல. அதுக்குப் பக்கத்துலயே வருஷத்துக்கு ஒரு குழியா, திருநாள் அன்னிக்குப் புதுசாக் கல்லு போடுவாங்க. வந்த கூட்டத்துல யாரு ரொம்பப் பெரிய ஆளோ, பிஷப்போ மந்திரியோ, மோதிரத்தக் கழட்டிட்டு மொதக் கல்ல அவங்கதான் போடணும். போட்டாதான் சாப்பாடு. படம் பாக்க வர்ற கூட்டம் கிரீடம் வச்சவ முன்னாடி நின்னு, மகாராணின்னு குனிஞ்சு கும்பிடும். பக்கத்துல முக்காடு போட்ட குட்டை அம்மா யாருன்னு கேட்டா, மூக்குல வெள்ளையப் பாத்துட்டு, சுண்ணாம்பு வேலைக்காரியா இருக்கும்னு அவங்களே சொல்லிக்குவாங்க. கன்னியாஸ்திரிகள் அதத் திருத்த மாட்டாங்க. கையக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அந்த அம்மாவும் எழுநூறு வருஷமா சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

தாரு? தூங்கிட்டியா?

ம்ங்கற. சரி, ஒண்ணு கேக்கறேன். உன் யானைக்குப் பக்கத்துல எடம் இருக்கா? சுவிட்சுக்கு இந்தப் பக்கம்? நாளைக்குக் காலையில அங்க உங்கம்மாவ வரை. தும்பிக்கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கற மாதிரி. சிரிக்கிற மாதிரி. வரைஞ்சதுக்கு அப்புறம் அவ வாளியும் துணியுமா அழிக்க வரட்டும், கை வருதான்னு அத்தை பாக்கறேன்.

கதை சுவத்துல ஒட்டிக்கிச்சு. நீ தலகாணியில ஒட்டிக்கோ.